பௌர்ணமி நடை, பிறகு சாப்பாடு

பிரால்தோ, நவம்பர் 12

அன்புள்ள அக்கா,

நான் நலம். முழங்கால் நலமில்லை, அது பல வருடமாகத் தனி வாழ்க்கை நடத்துகிறது, கணக்கில் சேர்க்க வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய்? போன கடிதத்தில் சொன்ன இருமல் உன்னை விட்டுப் போயிற்றா, அல்லது அதுவும் உன்னைப்போல அடைப்பு மடத்தில் துறவு வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டதா?

இங்கே பனி இல்லை. ஆனால் ஊர்ச் சுற்றுலாக் குழுத் தலைவர் துல்லியோ பனியைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்கிறவர் அல்லர். சுவரொட்டி ஒட்டிவிட்டார்: "பௌர்ணமி நடை, பிறகு சாப்பாடு." வழக்கம்போல வழிகாட்டி நான். பட்டணத்துக்காரர்கள் வருவார்கள், பனியில் புதையாமலிருக்கக் காலில் அகலப் பனிச்செருப்பைக் கட்டிக்கொள்வார்கள், நிலா வெளிச்சத்தைப் பார்ப்பதற்காக ஆளுக்கொரு தலைவிளக்கை எரியவிட்டுக்கொண்டு காட்டுவழியே நம் குடில்வரை ஏறுவார்கள். அங்கே மக்காச்சோளக் களி, மான்கறி, மூலிகைச் சாராயம். பதினான்கு வருடமாக இப்படித்தான். புருஷன் நான் நடப்பேன், பெண்டாட்டி நோயெமி களி கிண்டுவாள்.

நோயெமி இப்போது இங்கே இல்லை. தன் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். சில நாள்தான். போன மாதக் கடைசியில் நாங்கள் பனிச்செருப்புகளுக்கு வார் மாற்றிக்கொண்டிருந்தபோது, "இந்த வருஷம் ஒரே ஒரு தடவ நானும் உன்கூட நடந்து வரேனே" என்றாள். துல்லியோவும் அவர் ஆட்களும் பக்கத்தில் இருந்தார்கள். நான் சொன்னேன்: "நீ நடந்தா களியை யாரு கிண்டறது, நிலாவா?" எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு நாள் கழித்துச் சித்தி மகளுக்கு உடம்பு சரியில்லை என்று புறப்பட்டாள். தன் கத்திகளையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நோயாளியைப் பார்க்கப் போகிறவளுக்குக் காய் நறுக்கும் கத்தி எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

பனிக்காக நீங்கள் எல்லோரும் ஜெபியுங்கள். துல்லியோவும் கேட்கச் சொன்னார்.

உன் தம்பி
இலாரியோ

---

மடம், நவம்பர் 24

இயேசுவில் அன்புத் தம்பி இலாரியோவுக்கு,

இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். எங்களில் யார் முதலில் போவோம் என்பது மேலே உள்ளவர் கையில். உன் முழங்காலுக்காக ஜெபித்தேன். பனிக்காக மற்றச் சகோதரிகள் ஜெபிக்கிறார்கள். இங்கே தென்சமவெளியில் நெல் வயல்காரர் ஒருவர் பனி வேண்டாம் என்று காணிக்கை செலுத்தியிருப்பதால் நிலைமை சற்றுச் சிக்கலானது.

உன் கடிதத்தில் எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதிய இடத்தை மூன்று முறை படித்தேன். என் மரமண்டைக்குச் சிரிப்பு எங்கே என்று தெரியவில்லை. நான் உலகத்தை விட்டு வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. இடையில் நகைச்சுவை மாறியிருக்கலாம்.

வரும் ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு திருவருகைக்காலம் தொடங்குகிறது. எங்கள் ஒழுங்கு உனக்குத் தெரியும்: திருவருகைக்காலத்திலும் தவக்காலத்திலும் நாங்கள் எழுதுவதும் இல்லை, படிப்பதும் இல்லை. வருகிற கடிதங்கள் மதரின் மேசை இழுப்பறையில் கிறிஸ்துமஸ்வரை தூங்கும். ஆகவே அவசரமாக ஏதும் இருந்தால் இப்போதே எழுது. சித்தி மகளின் முகவரி தெரியுமா? தெரிந்தால் எனக்கல்ல, அங்கே எழுது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெறுந்தலையோடு நிற்காதே.

அக்கா
(இங்கே சகோதரி மரிய அமல, உனக்கு எப்போதும்போல தெல்ஃபீனா)

---

பிரால்தோ, டிசம்பர் 28

அன்புள்ள அக்கா,

கிறிஸ்து பிறப்புவிழா வாழ்த்துகள். இழுப்பறை திறந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். நான் நலம். இருமல் இருந்தால் அதற்கும் என் வாழ்த்து.

நேற்று முதல் பௌர்ணமி நடை. பனி இல்லை. உங்கள் ஜெபத்தை நெல் வயல்காரர் வென்றுவிட்டார். துல்லியோ ரத்து செய்யச் சம்மதிக்கவில்லை. பனிச்செருப்பு நடை என்று விளம்பரம் செய்திருப்பதால் பனிச்செருப்பு கண்டிப்பாக உடன் வரவேண்டும் என்றார். ஆகவே இருபத்திரண்டு பேர் ஆளுக்கொரு ஜோடியை முதுகில் கட்டிக்கொண்டு, காய்ந்த புல்லின்மீதும் சரளைக்கல்லின்மீதும் நடந்தார்கள். வழியில் ஓர் இடத்தில், வடக்குப் பார்த்த பாறைக்கடியில், படுக்கை விரிப்பு அளவுக்குப் பழைய பனி கிடந்தது. எல்லோரும் வரிசையில் நின்று, செருப்பை மாட்டி, அதைக் கடந்து, கழற்றி, மறுபடி முதுகில் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் இருமுறை கடந்தார்.

சாப்பாடு என் பொறுப்பு. அதாவது களி ஐந்து நிமிடத்தில் ஆகிற பொட்டல மாவு. உங்கள் மடத்துச் சுவரை ஒட்டினாற்போல் ஒரு பெரிய கடை வந்திருக்கிறதே, அங்கேதான் போய் வாங்கினேன். வண்டியை உங்கள் சுவரோரம் நிறுத்தியிருந்தேன். திருவருகைக்காலம் என்பதால் மணி அடிக்கவில்லை. மான்கறி அடிப்பிடித்துவிட்டது. போன வருடமும் வந்திருந்த ஒரு கிழவர் ஒரு வாய் தின்றுவிட்டு, கரண்டியைக் கீழே வைத்து, என்னைப் பார்த்துக் கேட்டார்: "சமைக்கிற அம்மா தவறிட்டாங்களா?" இல்லை, சித்தி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

சித்தி மகளிடம் தொலைபேசியில் பேசினேன். அவளுக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறதாம். எப்போதுமே நன்றாகத்தான் இருந்ததாம். நோயெமி அங்கே வரவே இல்லையாம். அவள் கைப்பேசியோ குடிலின் அலமாரியில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகவில்லை.

உனக்கு ஏதாவது தெரியுமா?

இலாரியோ

---

மடம், ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள்

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். இங்கே எல்லோரும் நலம். ஒரு சுற்றுப் பெருத்தும் இருக்கிறோம். சில வாரமாக எங்கள் சாப்பாடு காரணமின்றி நன்றாக இருக்கிறது. சகோதரி பெனியாமினா அவிக்கும் முட்டைக்கோசு முட்டைக்கோசின் ருசியோடு வருகிறது. மதர் இதை அற்புதம் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்.

உன் கேள்விக்கு வருகிறேன். நோயெமி நலமாக இருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, வாக்குக் கொடுத்திருக்கிறேன். தேடிக்கொண்டும் கிளம்பாதே. நீ இப்போது கிளம்பினால் சமையல்காரியைத் தேடித்தான் கிளம்புவாய். அது அவளுக்கும் தெரியும்.

ஒன்றை மட்டும் சொல்ல அனுமதி உண்டு. கடலோரத்தில், சவோனாவில், ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை வந்திருக்கிறது. மார்ச் நடுவில் பதில் சொல்லவேண்டும். அதுவரை காத்திருப்பாள். எதற்காக என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தவரை, உன்னிடமிருந்து ஒரு வாக்கியத்துக்காக. அந்த வாக்கியம் எது என்று நான் சொல்லிக்கொடுத்தால் அது என் வாக்கியமாகிவிடும். எனக்கு எழுது, அவளிடம் சேர்ப்பேன். தவக்காலத்துக்கு முன் எழுது. அதற்குப் பிறகு இழுப்பறைதான்.

சாப்பாட்டைத் தவறவிடாதே. பொட்டலக் களியை நான் சாப்பாடு என்று எண்ணவில்லை.

அக்கா

---

பிரால்தோ, ஜனவரி 15

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் முட்டைக்கோசும் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

அவள் நன்றாக இருக்கிறாள் என்று படித்ததும் வெளியே போய் விறகு பிளந்தேன். தேவைக்குமேல் பிளந்துவிட்டேன்.

எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். அவளிடம் இதைக் கொடு: குடில் பழையபடி இல்லை. செம்புக் கொப்பரையில் அடிப்பிடித்தது போகவே மாட்டேன் என்கிறது. மணல் போட்டும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். 25ஆம் தேதி நடைக்கு முப்பது பேர் பதிவு செய்திருக்கிறார்கள். என்னால் தனியாக முடியவில்லை. நடந்ததை மறந்துவிட்டு அவள் வரலாம். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இது போதுமா?

இலாரியோ

---

மடம், ஜனவரி 24

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலம் எப்படி என்று கடிதத்திலேயே தெரிகிறது.

கொடுத்தேன். படித்தாள். மடித்தாள். "கொப்பரையில வினிகரும் கல்லுப்பும் போட்டுக் கொதிக்க வைக்கச் சொல்லுங்க அக்கா" என்றாள். அவ்வளவுதான் பதில்.

நீ எழுதியது கடிதம் அல்ல, ஆள் தேவை விளம்பரம். சவோனாப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் இதைவிடக் கனிவாக எழுதியிருக்கிறார்கள். ஞாயிறு விடுமுறையும் தருகிறார்கள்.

இன்னொரு முறை எழுது. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவள் உன்னிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாள், துல்லியோவின் ஆட்களுக்கு முன்னால், வாரை மாற்றிக்கொண்டிருக்கும்போது. நீ அதை வைத்துச் சிரிக்கவைத்தாய். தவக்காலத்துக்கு முன், தம்பி.

இரவில் கழுத்தை மூடிக்கொள்.

அக்கா

---

பிரால்தோ, பிப்ரவரி 12

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன். கொப்பரை சுத்தமாகிவிட்டது. வினிகரும் கல்லுப்பும்தான்.

இதை எழுத இவ்வளவு நாள் ஆயிற்று. எழுதிய மூன்றை அடுப்பில் போட்டேன். போன மாத நடை மழையில் நடந்தது, நிலா வரவில்லை, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. குடிலில் எல்லோரும் தின்றுகொண்டிருந்தபோது நான் கொப்பரை முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் தெரியாது, அக்கா. அடுப்புக்கு மேலே சுவர்தான். பதினான்கு வருடமாக நான் உள்ளே நுழைந்ததும் அவளிடம், "வெளியில எப்படி இருந்துச்சு தெரியுமா!" என்று சொல்லிக்கொண்டு வருவேன். தெரியாதுதான். அந்தச் சுவரில் ஒரு கரிக்கறை இருக்கிறது. அதை ஒரு மணி நேரம் பார்த்தேன்.

அவளிடம் இதைச் சொல். 24ஆம் தேதி பௌர்ணமி. துல்லியோவின் மனைவி அன்று களி கிண்ட ஒப்புக்கொண்டிருக்கிறாள். நோயெமி, உனக்கு ஒரு வேலையும் இல்லை. என்கூட நடக்க வா. ஆறு மணிக்குத் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மைதானத்தில் நிற்பேன். உன் காலளவுக்கு ஒரு ஜோடிச் செருப்பின் வாரைக் குறுக்கி வைத்திருக்கிறேன். நீதான் முன்னால் நடக்கவேண்டும். குடிலுக்கு வரப் பிடிக்காவிட்டால் பாறைவரை நடந்துவிட்டுத் திரும்பிவிடலாம். அதற்குப் பிறகு சவோனாவுக்குத்தான் போவேன் என்றால் நானே வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். ஆனால் ஒரு தடவை நடந்துவிட்டுப் போ.

இதுதான் அந்த வாக்கியமா என்று தெரியவில்லை. இதற்குமேல் என்னிடம் இல்லை.

ஒரு நல்ல செய்தி: நேரத்தோடு எழுதிவிட்டேன். கார்னிவல் வேடத் திருவிழாவைத் துல்லியோ 24ஆம் தேதிக்கு வைத்திருக்கிறார், பௌர்ணமி நடையோடு சேர்த்து. எல்லோரும் முகமூடியோடு நடக்கவேண்டுமாம். நம் ஊருக்குப் பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருகிறார். அவர் பக்கமிருந்து ஆட்சேபம் இல்லை. கார்னிவல் முடிந்தால்தானே தவக்காலம்? ஆக இன்னும் இரண்டு வாரம் கையில் இருக்கிறது. வாழ்நாளில் முதல் தடவையாக நான் முந்திக்கொண்டுவிட்டேன்.

உன் தம்பி
இலாரியோ

---

பிரால்தோ, பிப்ரவரி 26

அன்புள்ள அக்கா,

நலம். நலமா?

பனி பெய்தது. 22ஆம் தேதி ஆரம்பித்து இரண்டு நாள். உன் சகோதரிகளுக்கு நன்றி சொல். தாமதம் என்று குறை சொல்லமாட்டேன், முழங்காலளவு விழுந்தது.

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. பதில் வராததை நல்லதாக எடுத்துக்கொண்டேன். நேரிலேயே வருகிறாள், எதற்கு எழுதவேண்டும் என்று. ஆறு மணிக்கு மைதானத்தில் நின்றேன். ஓநாய், கிழவி, நான்கைந்து பிசாசு, துல்லியோ போப்பாண்டவர் வேடத்தில். ஆறரை ஆயிற்று. பிசாசுகளுக்குக் குளிர ஆரம்பித்தது. அந்தச் செருப்பு ஜோடியை முதுகில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

காட்டு வளைவில் திரும்பிப் பார்த்தால் எனக்கு நேர்பின்னால் ஒரு கரடி. குட்டையான கரடி. மைதானத்தில் அதைப் பார்த்த ஞாபகம் இல்லை. சின்னச் சின்ன எட்டாக வைத்து, மூச்சு வாங்காமல் வந்தது. நோயெமி நடக்கிற மாதிரி. நான் நின்றால் நின்றது. ஒரு வார்த்தை பேசவில்லை. யாரையும் தெரியாமல் வந்து பார்ப்பதற்கு இதைவிட நல்ல இரவு உண்டா, நீயே சொல். நான் மற்றவர்களை முன்னால் போகச் சொன்னேன். விளக்கை அணைத்தேன். கரடியும் அணைத்தது.

அதற்குப் பிறகு பாறைவரை நான் பேசினேன், அக்கா. திரும்பிப் பார்க்காமல் பேசினேன். பார்த்தால் எனக்குப் பேச வராது. சுவரிலுள்ள கரிக்கறையைச் சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அவனுங்க சிரிக்கணும்னு சொல்லிட்டேன்" என்றேன். அந்த இடத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் வெளுத்துக் கிடந்தது. ஒரு சத்தம் இல்லை. "இதைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் உனக்குச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். சொன்னா வரல" என்றேன். கரடி என் தோளில் கையை வைத்தது.

குடிலில் கரடி தன் முகமூடித் தலையைக் கழற்றியபோது அது கூனியோ ஊர்ப் பல் மருத்துவர். ஐம்பது வயதுப் பெண்மணி, நல்லவர். தனியாக வந்திருந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரொம்ப நல்லா இருந்துச்சு. எனக்காகச் சொன்னதில்லன்னு பாதி வழியிலயே தெரிஞ்சுபோச்சு. நிறுத்தச் சொல்ல மனசு வரல. மொதல்ல இது நடையோட சேர்ந்ததுதான்னு நெனச்சேன்." பிறகு, நான் இரவில் பல்லைக் கடிக்கிறவன் என்பது பேச்சிலேயே தெரிகிறது என்றும், ஒரு நாள் வந்து காட்டச் சொல்லியும் அட்டை கொடுத்தார்.

களி நன்றாக இருந்ததாம். துல்லியோவின் மனைவி கையால். நான் தின்னவில்லை.

அவள் வரவில்லை என்பதே பதில் என்றால் அதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்கிறேன். இனித் தொந்தரவு செய்யமாட்டேன். நீயும் அவளை வற்புறுத்தாதே.

இலாரியோ

---

மடம், ஏப்ரல் 1, உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள்

அன்புத் தம்பிக்கு,

உயிர்ப்புவிழா வாழ்த்துகள். இருமல் போய்விட்டது. வேறொன்றும் அதனோடு போயிருக்கலாம் என்று தோன்றுகிறது.

நேற்றுக் காலை பூசைக்குப் பிறகு மதர் இழுப்பறையைத் திறந்து உன் இரண்டு கடிதங்களையும் தந்தார். 12ஆம் தேதி நீ எழுதியது எங்களுக்கு 15ஆம் தேதி வந்திருக்கிறது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் 14ஆம் தேதி. உன் ஊரில் கார்னிவலைத் துல்லியோ தள்ளிவைத்தார். தவக்காலத்தைத் தள்ளிவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. தவக்காலம் எப்போது என்று ஒரு கிறிஸ்தவனுக்குத் தேதி போட்டு எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உயிர்ப்புவிழாவே வசந்தத்தின் முதல் பௌர்ணமியை வைத்துத்தான் வருகிறது, தம்பி. நீ பதினான்கு வருடமாகப் பௌர்ணமி விற்கிறவன்.

இப்போது வாக்கு முடிந்துவிட்டது, சொல்லலாம். நோயெமி இங்கேதான் இருந்தாள். திருவருகைக்காலத்தின் முதல் வாரத்திலிருந்து எங்கள் விருந்தினர் அறையில். அதற்கு முன் எங்கே இருந்தாள் என்று நான் கேட்கவில்லை. சும்மா இருக்கமாட்டேன் என்று எங்கள் சமையலறையை எடுத்துக்கொண்டாள். முட்டைக்கோசின் காரணம் அதுதான். நீ பொட்டல மாவு வாங்க வந்து சுவரோரம் வண்டியை நிறுத்தியபோது அவள் சுவருக்கு இந்தப் பக்கம் கீரை பறித்துக்கொண்டிருந்திருக்கலாம்.

ஜனவரிப் பௌர்ணமியன்று, உனக்கு அங்கே மழை பெய்த இரவில், இங்கே வானம் திறந்திருந்தது. அவள் தோட்டத்தில் தனியாக நடந்தாள். மேலே ஜன்னலிலிருந்து பார்த்தேன். கிணற்றுக்கும் மதில் கதவுக்கும் இடையே, சின்னச் சின்ன எட்டாக, வெகுநேரம்.

தவக்காலம் தொடங்கிய பிறகும் தபால் வரும் நாளெல்லாம் கம்பிச் சாளரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன், இல்லை என்று. என் கைக்கு ஒன்றும் வரவில்லை, அது உண்மை. மதரின் மேசை என் நாற்காலியிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதுவும் உண்மை. அங்கே உன் கடிதம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுதியிருந்தால் நேரத்தோடு எழுதியிருப்பான், எழுதவில்லை என்றே நினைத்தேன். அவளும் அப்படியே நினைத்தாள். மார்ச் 15ஆம் தேதி காலையில் புறப்பட்டாள். "கொப்பரை சுத்தமாச்சான்னு மட்டும் எப்பவாவது கேளுங்க அக்கா" என்றாள். கத்திகளைக் கழுவித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

நேற்றே உன் கடிதத்தைச் சவோனாவுக்கு அனுப்பினேன். பதில் வந்தால் உனக்கு எழுதுவேன்.

உனக்காக ஜெபிக்கிறேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?

அக்கா

---

பிரால்தோ, மே 9

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ நலமாக இருக்கவேண்டும்.

உனக்குப் பதில் வந்ததோ என்னவோ, எனக்கு அவளே எழுதிவிட்டாள். ஒரு அட்டை, கடல் படம் போட்டது. கடிதம் கிடைத்ததாம். படித்தாளாம். பிப்ரவரியில் கிடைத்திருந்தால் வந்திருப்பாளாம். இப்போது பிள்ளைகள் முந்நூறு பேர், அவர்களை விட்டுவிட்டு வரமுடியாதாம்; அதோடு, பிப்ரவரியில் வந்திருக்கக்கூடியவள் இப்போது அவளிடம் இல்லையாம். சாயங்காலம் வேலை முடிந்ததும் கடற்கரையில் நடக்கிறாளாம். நன்றாக எழுதியிருக்கிறாள். அவள் இப்படி எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஒருவருக்கொருவர் எழுதவேண்டி வந்ததே இல்லை.

கொப்பரை சுத்தமாகிவிட்டது என்று பதில் போட்டேன்.

துல்லியோ அடுத்த குளிர்காலத்துக்கான சுவரொட்டிக்குப் படம் கேட்கிறார். கரடியின் படம் ஒன்று இருக்கிறதாம்; அதையே போடலாம் என்கிறார், ஜனங்களுக்குப் பிடிக்குமாம். போடட்டும் என்றேன்.

நாட்காட்டியில் பார்த்துவிட்டேன். அடுத்த வருடம் சாம்பல் புதன் மார்ச் ஐந்து. அதற்கு முன் அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் தெரிந்து வைத்திருக்கிறேன்.

பனிச்செருப்புகளை எண்ணெய் போட்டு மாடியில் ஏற்றியாயிற்று. குறுக்கிய அந்த ஜோடியை மட்டும் வாடகைக்குக் கொடுப்பதில்லை. பட்டணத்தில் சின்னக் கால்காரர்கள் நிறைய. பார்த்ததும் அதைத்தான் கேட்கிறார்கள். வார் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

உன் தம்பி
இலாரியோ